பெட்டியில் எழுதியிராத வேலைகள்: ரீவி கார்ட் ட்ரைவர்களின் கதை

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ரீவி கார்ட் என்றால் என்னவென்று முதலில் சொல்லவேண்டியிருக்கு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு சுற்றுப்பலகை. அதன் ஒரு ஓரத்தில் தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரி ஒரு தகரப்பெட்டி. சனல் பிடிக்கிற ட்யூனர் அதுக்குள்ளேதான் இருக்கும். கொம்பியூட்டரைத் திறந்து, தாய்ப்பலகையின் பிசிஐ ஸ்லொட்டில் இதைச் செருகி, பின்பக்கம் அன்ரெனா வயரைக் கொடுத்தால் மொனிட்டரில் ரீவி ஓடும். பக்கத்தில் ஒரு வீடியோத் துளையும் இருக்கும். டெக்கையோ வீடியோக் கமராவையோ அதில் இணைத்தால், அதில் ஓடுவதைக் கொம்பியூட்டருக்குள் எடுக்கலாம்.

போனிலேயே படம் எடுத்து, வெட்டி, ஒட்டி, ஏற்றிவிடுகிற எங்களுக்கு இது ஒரு விசயமாகவே தெரியாது. 1996இன் கொம்பியூட்டருக்கு இது மலை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கோ. எங்கட நாட்டு ரீவியின் பால் முறையில் (குடிக்கிற பால் இல்லை, ஜெர்மனியில் உருவான வண்ண ஒளிபரப்பு முறை) ஒரு முழுப்படத்தை 768க்கு 576 புள்ளிகளாகப் பிடிக்கலாம். ஒரு புள்ளிக்கு 2 பைட், ஒரு செக்கனுக்கு 25 படம். பெருக்கினால் செக்கனுக்கு ஏறத்தாழ 22 மெகாபைட், மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 80 கிகாபைட். அந்தக் காலத்து வீட்டுக் கொம்பியூட்டரின் வன்தட்டில் மொத்தமாகவே சில கிகாபைட்தான் இருந்தது. பதிவு செய்வதை விடுங்கோ, வெறுமனே காட்டுவதற்கே அந்த ப்ரொசெசருக்கு மூச்சு முட்டும்.

இந்தச் சிக்கலை மலிவாகத் தீர்த்தது ஒரு சிப். அமெரிக்காவின் சன் டியேகோவில் இருந்த புரூக்ட்ரீ என்ற நிறுவனம் செய்த பிடி848. ப்ரொசெசரைக் கேட்காமல், பிசிஐ பாதையூடாகத் தானே படத்தை நினைவகத்துக்கோ நேராகத் திரையின் நினைவகத்துக்கோ எழுதிவிடும். எங்கே எழுதுவது, எதைத் தவிர்ப்பது என்று ஒரு குட்டி நிரலை ட்ரைவர் நினைவகத்தில் எழுதி வைக்க, சிப் அதை வரிவரியாக வாசித்து நடக்கும். ரீவி ஓடுகிற சாளரத்துக்கு மேலே இன்னொரு சாளரம் வந்து மறைத்தால், அந்த இடத்துப் புள்ளிகளை எழுதாதே என்று அந்த நிரலிலேயே சொல்லிவிடலாம். புரூக்ட்ரீயை 1996இல் ரொக்வெல் வாங்கியது. 1999இல் அந்தச் சிப் பிரிவு கொனெக்ஸன்ட் என்ற தனிக் கம்பனியாகப் பிரிந்தது. அடுத்து வந்த பிடி878 ஒலியையும் சேர்த்துப் பிடித்தது. ஹொப்போக் போன்ற பெரிய பெயர்களில் இருந்து பெயரே இல்லாத தாய்வான் பலகைகள் வரை, அப்போது விற்ற மலிவு ரீவி கார்ட்டுகளில் மிகப்பல இந்த இரண்டு சிப்பில் ஒன்றைச் சுற்றித்தான் செய்யப்பட்டன.

கார்ட் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சீடியும் வரும். விண்டோஸுக்கான ட்ரைவர் அதில் இருக்கும். ட்ரைவரைக் கணித்தமிழில் இயக்கி என்கிறார்கள். எங்கட பஸ்ஸுகளில் எழுதியிருக்கிற 'சாரதி' என்ற சொல் இதுக்கு இன்னும் பொருந்தும் என்பது எங்கட எண்ணம். வாகனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாட்டி அது முற்றத்தில் நிற்கிற தகரம்தானே. லினக்ஸ் பாவித்தவர்களுக்கு அந்தச் சீடியால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் இருந்து ரால்ஃப் மெட்ஸ்லர், மார்க்குஸ் மெட்ஸ்லர் என்ற இரண்டு பேர் 1996இல் தாங்களே சாரதி வேலைக்கு இறங்கினார்கள். அவர்கள் எழுதியதுதான் பிடிடிவி என்ற ட்ரைவர். இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்கவேணும். பிடி848 எப்படி வேலை செய்கிறது என்ற தொழினுட்ப ஆவணம் வெளியில் கிடைத்தது. எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணை எழுதினால் வெளிச்சம் கூடும், எதை எழுதினால் பால் முறையில் இருந்து அமெரிக்க முறைக்கு மாறும் என்பதெல்லாம் அதில் இருந்தது. சிப் செய்கிற கம்பனிக்கு அதை ஒளித்து வைக்கிற தேவை இல்லை. கார்ட் செய்கிற ஆட்கள் அதை வாசித்தால்தானே சிப்பை வாங்குவார்கள். அந்த ஆவணம் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது என்று நினைக்கிறோம்.

ட்ரைவர் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு ட்ரைவரும் ஒவ்வொரு பாசை பேசினால், ரீவி பார்க்கிற மென்பொருள் எழுதுகிறவர் எல்லாப் பாசையும் படிக்கவேண்டி வரும். வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில் இருந்த அலன் கொக்ஸ், லினக்ஸ் கேர்னலின் முக்கிய ஆட்களில் ஒருவர், இதற்கு ஒரு பொதுப் பாசை வகுத்தார். பெயர் வீடியோ ஃபோர் லினக்ஸ். 1999 ஜனவரியில் வந்த 2.2 கேர்னலோடு அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு கார்ட் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும், மென்பொருளின் கண்ணுக்கு அது 'வீடியோ 0' என்ற ஒரு கோப்பு மட்டும்தான். கோப்பைத் திற, சனலைச் சொல், படத்தை வாசி.

இனித்தான் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி.

சிப்புக்கு ஆவணம் இருந்தது, கார்ட்டுக்கு இருக்கவில்லை. ஒரே பிடி848ஐ வைத்து நூறு கம்பனி நூறு விதமாகப் பலகை செய்தது. சிப்பில் பொதுப் பாவனைக்கென்று சில கால்கள் இருக்கும். அவற்றை எதுக்குப் பாவிக்கிறது என்பது பலகை செய்கிறவரின் விருப்பம். ஒருவர் அந்தக் கால்களில் ஒன்றை ஒலியை நிறுத்தவும் திறக்கவும் பாவிப்பார். இன்னொருவர் அதே காலை றிமோட்டுக்குக் கொடுப்பார். மூன்றாமவர் எதுக்கும் இணைக்காமல் விட்டுவிடுவார். இதை எவரும் பெட்டியில் எழுதவில்லை. ஆகவே லினக்ஸில் ரீவி கார்ட் போட்டவர்களின் முதல் அனுபவம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்: படம் வரும், சத்தம் வராது. ட்யூனரை மாறிக் கணித்திருந்தால் படமும் வராது, புள்ளிப் புள்ளியாக இரைச்சல் மட்டும் தெரியும்.

மெட்ஸ்லர்களுக்குப் பிறகு பிடிடிவியைப் பொறுப்பெடுத்த கெர்ட் க்னோர் இதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார். கேர்னலோடு வருகிற ஆவணங்களில் ஒன்று அது. ஒவ்வொரு கார்ட்டுக்கும் ஒரு எண், எண்ணுக்கு எதிரே பெயர், அவ்வளவுதான். ட்ரைவரை ஏற்றும்போது "கார்ட் இத்தனையாம் எண், ட்யூனர் இத்தனையாம் எண்" என்று நீங்கள் சொன்னால், அந்தக் கார்ட்டில் எந்தக் காலில் என்ன இருக்கிறது என்பதை அது எடுத்துக்கொள்ளும். சில கார்ட்டுகள் தங்களின் அடையாள எண்ணைத் தங்களுக்குள்ளேயே ஒரு குட்டிச் சிப்பில் வைத்திருந்தன. அவற்றை ட்ரைவர் தானாகவே இனங்கண்டது. காசு மிச்சம் பிடித்த கம்பனிகள் அந்தக் குட்டிச் சிப்பையே போடவில்லை. அப்படியான கார்ட் வைத்திருப்பவர் பட்டியலில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கவேண்டியதுதான்.

பட்டியலில் இல்லாத கார்ட் என்றால்? அங்கேதான் பாவனையாளர் ட்ரைவர் எழுதுகிறவராக மாறத் தொடங்கினார். பலகையைக் கழற்றி, சிப்புகளின் மேலே இருந்த எண்களை லென்ஸ் வைத்து வாசித்தார்கள். தகரப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரைப் பார்த்து எழுதினார்கள். விண்டோஸில் கம்பனி ட்ரைவரை ஓடவிட்டு, ரீவி பார்க்கும்போது அந்தக் கால்களில் என்ன எண் இருக்கு, றேடியோவுக்கு மாற்றினால் என்ன எண், சத்தத்தை நிறுத்தினால் என்ன எண் என்று ஒற்றுப் பார்த்தார்கள். இதுக்கென்றே சின்னச் சின்ன வேவு மென்பொருள்கள் இருந்தன. கிடைத்த நாலைந்து எண்களைக் கெர்ட் க்னோருக்கு அனுப்பினால், அடுத்த வெளியீட்டில் பட்டியலில் ஒரு வரி கூடும். அப்படி ஒவ்வொரு வரியாக அது நூற்றைம்பதைத் தாண்டியது.

நிரல் எழுதத் தெரியாத ஆட்களும் இதில் பங்கெடுத்தார்கள் என்பதுதான் இந்தப் பட்டியலை எங்களுக்கு முக்கியமாக்குகிறது. திறந்த மூல வரலாறு என்றால் எல்லோரும் லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரோடு தொடங்கி, பெரிய தலைகளின் பெயர்களோடு முடிப்பார்கள். பிடிடிவி பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும், தன்னுடைய கார்ட்டில் சத்தம் வரவேணும் என்று ஒரு சனி ஞாயிறைச் செலவழித்த யாரோ ஒருவர் இருக்கிறார். அதில் பெயர் உள்ள கம்பனிகளில் எத்தனையோ இப்போது இல்லை. அவை செய்த பலகைகளின் வயரிங் விபரம் இன்றைக்கும் பொதுவில் இருப்பது கேர்னலின் மூலநிரலில்தான்.

இன்னொரு தலையிடி நாட்டுக்கு நாடு மாறியது. பால் என்று பொதுவாகச் சொன்னாலும் அதுக்குள்ளே சாதி பிரிவு கனக்க. இலங்கை ஒளிபரப்பில் படத்துக்கும் ஒலிக்கும் இடையில் 5.5 மெகாஹேர்ட்ஸ் தூரம். பிரித்தானியாவில் 6 மெகாஹேர்ட்ஸ். லண்டனில் வாங்கின ரீவியோ கார்ட்டோ இங்கே வந்து படத்தைக் காட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தால் காரணம் இதுதான், சாமானில் பிழை இல்லை. தகரப்பெட்டிக்குள் இருந்த ட்யூனர்கூட அந்தந்த நாட்டுக்கென்று வேறு வேறாகச் செய்யப்பட்டது. ட்ரைவருக்குள் ட்யூனர்களுக்கும் தனிப் பட்டியல் இருந்தது அதனால்தான்.

வீடியோ ஃபோர் லினக்ஸின் இரண்டாம் பதிப்பைப் பற்றி நீட்டத் தேவையில்லை. முதலாவது அவசரத்தில் வகுத்தது, போதாமல் போனது. பில் டேர்க்ஸ் 1998 அளவில் புதியதை வகுக்கத் தொடங்கினார். கேர்னலுக்குள் அது வந்து சேர 2002 ஆனது. பழையது 2011இல்தான் முழுதாக அகற்றப்பட்டது. பழசை நம்பியிருக்கிற ஆட்களை ஒரே நாளில் நடுத்தெருவில் விடக்கூடாது என்ற கொள்கைக்கு இவ்வளவு வருடம் தேவைப்பட்டிருக்கு.

பார்ப்பது சரி, பதிவு செய்வது? 1999இல் அமெரிக்காவில் டிவோ என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. நிகழ்ச்சியை வன்தட்டில் பதிந்து, பிறகு வேண்டிய நேரம் பார்க்கலாம். அதுக்குள்ளே ஓடியதும் லினக்ஸ்தான், ஆனால் பெட்டி கம்பனியின் கையில். அதையே தன்னுடைய கொம்பியூட்டரில் தன்னுடைய விருப்பப்படி செய்யவேணும் என்று ஐசக் ரிச்சர்ட்ஸ் 2002இல் மித் ரீவியைத் தொடங்கினார். முன்னே சொன்ன 80 கிகாபைட் கணக்கை மறந்திருக்கமாட்டீர்கள். அதைச் சமாளிக்க, பிடிக்கும்போதே எம்பெக் முறையில் சுருக்கிக் கொடுக்கிற கார்ட்டுகள் வந்தன. ஹொப்போக்கின் பிவிஆர் 250 அவற்றில் பெயர் போனது. அதுக்கு எழுதப்பட்ட ஐவிடிவி என்ற ட்ரைவர் பல வருடம் கேர்னலுக்கு வெளியிலேயே வளர்ந்து, ஹான்ஸ் வெர்க்குயில் போன்றவர்கள் திருத்தித் திருத்தி, 2007இல் 2.6.22 கேர்னலோடு உள்ளே வந்தது.

இந்தக் கார்ட்டில் ஒரு முள் இருந்தது. சுருக்குகிற சிப்புக்குள் ஓடவேண்டிய நிரலைக் கம்பனி வெளியிடவில்லை. ட்ரைவர் முழுக்கத் திறந்த மூலம், ஆனால் அது வேலை செய்யவேணும் எண்டால் விண்டோஸ் சீடிக்குள் இருக்கிற ஒரு மூடிய கோப்பை வெட்டி எடுத்துக் கொடுக்கவேணும். அந்தக் கோப்புக்குள் என்ன நடக்குது என்று பார்க்கவோ பிழை திருத்தவோ முடியாது. இதை ஏற்கலாமா என்று அப்போது வாதம் நடந்தது. வன்பொருளுக்குள் எரித்து வைத்திருந்தால் கண்டுகொள்ளாமல் இருந்திருப்போம், கோப்பாக வந்ததால்தானே கண்ணில் படுகிறது என்றார்கள் ஒரு பக்கத்தார். இன்றைக்கு உங்கட மடிக்கணினியின் வைஃபை வேலை செய்வதும் பெரும்பாலும் இப்படியான ஒரு மூடிய கோப்பை வைத்துத்தான். அந்த வாதத்தில் நடைமுறை வென்றது. அது நல்ல வெற்றி என்று எங்களால் மனதாரச் சொல்ல முடியவில்லை.

இதுவரைக்கும் சொன்னது பொழுதுபோக்குக்காரரின் கதை மாதிரி இருக்கும். 2003 நவம்பரில் அது சட்டத்தின் கதையாக மாறியது.

அமெரிக்காவில் ரீவி அப்போது டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் நிகழ்ச்சியைத் தரம் குறையாமல் பிரதி எடுத்து இன்ரர்நெற்றில் விட்டுவிடுவார்கள் என்று ஹொலிவுட் கம்பனிகள் பயந்தன. அவர்கள் கேட்டபடி, அந்த நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு 'ஒளிபரப்புக் கொடி' என்ற விதியைக் கொண்டுவந்தது. நிகழ்ச்சியோடு ஒரு சின்னக் குறி வரும். அந்தக் குறியைக் கண்டால், நிகழ்ச்சி கண்டபடி வெளியே போகாமல் கருவி பார்த்துக்கொள்ளவேணும். 2005 ஜூலை 1க்குப் பிறகு செய்யப்படுகிற ஒவ்வொரு டிஜிட்டல் ரீவி வாங்கியும், ரீவி கார்ட் உட்பட, இதற்குக் கட்டுப்படவேணும். கூடவே இன்னொரு நிபந்தனை: சாதாரணப் பாவனையாளர் ஒருவர் மாற்றியமைக்க முடியாத விதமாகக் கருவி இருக்கவேணும்.

அந்தக் கடைசி நிபந்தனையை இன்னொரு தரம் வாசியுங்கோ. திறந்த மூல ட்ரைவர் என்பதன் முழு அர்த்தமே பாவனையாளர் அதை மாற்றியமைக்கலாம் என்பதுதான். "குறியைக் கண்டால் நிறுத்து" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த வரியை யாரும் அழித்துவிட்டு மறுபடி தொகுக்கலாம். ஆகவே அந்த விதிப்படி, திறந்த ட்ரைவரோடு ஓடுகிற டிஜிட்டல் ரீவி கார்ட் ஒன்றை இனிமேல் செய்து விற்க வழியில்லை. கொலோனில் தொடங்கின மாதிரியான வேலை அமெரிக்கச் சந்தையில் சட்டத்துக்கு வெளியே போயிருக்கும்.

அந்த நேரம் பிசிஎச்டிடிவி என்ற சின்னக் கம்பனி ஒன்று லினக்ஸுக்கென்றே எச்டி 3000 என்ற கார்ட்டை விற்றுக்கொண்டிருந்தது. எலெக்ட்ரோனிக் ஃப்ரொன்டியர் ஃபவுண்டேசன் என்ற உரிமை அமைப்பு, ஜூலை வரமுதல் இப்படியான கார்ட்டுகளை வாங்கி, மித் ரீவியோடு சேர்த்து நீங்களே ஒரு பதிவுப்பெட்டி செய்துவையுங்கள் என்று சனத்தைத் தூண்டியது. அதேநேரம் நூலகங்களின் சங்கம் முன்னுக்கு நிற்க, பல அமைப்புகள் சேர்ந்து ஆணைக்குழுவுக்கு எதிராக வழக்குப் போட்டன. நூலகக்காரருக்கு ரீவியில் என்ன வேலை என்று யோசிப்பீர்கள். ஒளிபரப்பில் இருந்து ஒரு துண்டை எடுத்து வகுப்பில் காட்டுவது, ஆவணமாக வைப்பது எல்லாம் அவர்களுடைய தொழில். கொடி அதையும் தடுக்கும்.

வழக்கு விசாரணையில் நீதிபதி ஹரி எட்வேர்ட்ஸ், இப்படியே போனால் அடுத்தது சலவை இயந்திரத்தையும் ஒழுங்குபடுத்துவீர்களா என்று ஆணைக்குழுவைக் கேட்டார். 2005 மே 6ஆம் திகதி தீர்ப்பு வந்தது. ஒளிபரப்பு வந்து சேரும்வரைதான் ஆணைக்குழுவுக்கு அதிகாரம், வந்து சேர்ந்த பிறகு வீட்டுக் கருவிக்குள் என்ன நடக்கவேணும் என்று சொல்ல அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் விதியைத் தள்ளுபடி செய்தது. ஜூலை 1க்கு இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. தீர்ப்பு திறந்த மூலத்தைப் புகழவில்லை, அதிகார எல்லையைப் பற்றி மட்டும்தான் பேசியது. ஆனாலும் அது தப்பவிட்டது எது என்று அடுத்த பத்து வருடத்தில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும்.

2000களின் கடைசியில் பிசிஐ கார்ட் மறைந்து, பென் டிரைவ் அளவு யூஎஸ்பி ரீவி குச்சிகள் வந்தன. ஐரோப்பிய டிஜிட்டல் ரீவியைப் பிடிக்கிற மலிவான குச்சிகளில் தாய்வானின் ரியல்டெக் செய்த ஆர்டிஎல் 2832யூ என்ற சிப் இருந்தது. விலை ஏறத்தாழ 20 டொலர். இதுக்கு ஒரு லினக்ஸ் ட்ரைவர் எழுதுவதற்காக, விண்டோஸ் ட்ரைவருக்கும் குச்சிக்கும் இடையில் ஓடுகிற தரவைச் சிலர் ஒற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடிடிவி காலத்துப் பழைய வேலைதான். 2012 பெப்ரவரியில் ஃபின்லாந்தைச் சேர்ந்த அன்ட்டி பலோசாரி ஒன்றைக் கவனித்தார். எஃப்எம் றேடியோ கேட்கும்போது இந்தச் சிப் றேடியோவைத் தானே பிரித்துக் கொடுக்கவில்லை. அன்ரெனாவில் வந்து விழுகிற அலையை அப்படியே எண்களாக்கிக் கொம்பியூட்டருக்கு அனுப்பிவிட்டு, மிச்ச வேலையை மென்பொருளிடம் விட்டது.

இதன் அர்த்தம் பெரிது. அலையை எண்களாகக் கொடுக்கிற கருவிக்கு அது எஃப்எம்மா, விமானத்தின் சமிக்ஞையா என்ற பேதம் இல்லை. அப்படியான கருவிகள் அதுவரை நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான டொலருக்குத்தான் விற்றன. ஒஸ்மோகொம் என்ற திறந்த மூலக் குழு சில வாரங்களிலேயே இதுக்கு மென்பொருள் எழுதியது. பிறகு வந்த ட்யூனரோடு அந்தக் குச்சி 24 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 1700க்கு மேல் வரை கேட்டது. பறக்கிற விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹேர்ட்ஸில் சொல்லிக்கொண்டு போகும். அதை வீட்டுக் கூரையில் இருந்து பிடித்து வரைபடத்தில் போடலாம். 137 மெகாஹேர்ட்ஸில் நோவா வானிலைச் செய்மதிகள் அனுப்பிய மேகப் படங்களை, வயரை வளைத்துச் செய்த அன்ரெனாவால் எத்தனையோ மாணவர்கள் பிடித்தார்கள். ரீவி பார்ப்பதற்கென்று விற்ற குச்சி இது. பாவனையாளர் மாற்றியமைக்க முடியாதபடி அது கட்டாயமாகப் பூட்டப்பட்டிருந்தால், உள்ளே இந்தக் கதவு இருப்பதே எவருக்கும் தெரியவந்திருக்காது.

இலங்கைக்கு இந்தக் கதையில் ஒரு பின்வாசல் இருக்கு. 2014இல் எங்கட நாடு டிஜிட்டல் ரீவிக்கு ஜப்பானின் ஐஎஸ்டிபி முறையைத் தேர்ந்தெடுத்தது. மாற்றம் பல வருடமாக இழுபடுவது வேறு கதை. இதே முறையின் ஒரு வடிவத்தை பிரேசில் 2006இலேயே எடுத்திருந்தது. கெர்ட் க்னோருக்குப் பிறகு 2005 அளவில் லினக்ஸின் வீடியோப் பகுதி முழுவதையும் பொறுப்பெடுத்தவர் மவுரோ கார்வால்யோ ஷெஹாப் என்ற பிரேசில்காரர். ஜப்பானிய முறைக்கு லினக்ஸில் ஆதரவு எப்போதோ வந்துவிட்டது. ட்ரைவர் எழுதுகிறவர்கள் தங்கள் வீட்டு அன்ரெனாவில் வருவதைத்தான் முதலில் எழுதுவார்கள். எங்களிடம் எழுதுகிற ஆள் இல்லாதபோது, எங்களைப் போன்ற அன்ரெனா உள்ள இன்னொரு ஊரில் யாராவது இருக்கவேணும்.

கடைசியாக, இன்னும் நேரம் இருக்கும்போதே சொல்லவேண்டிய ஒன்று. பிடிடிவி எழுதப்பட்ட அதே தொண்ணூறுகளில் எங்கட பக்கத்தில் பல இடங்களில் கரண்டே இல்லை. படம் பார்ப்பதென்றால் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஊரே கூடிப் பார்க்கும். அந்தக் காலத்துக் கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்தவீடு, கோயில் திருவிழா, வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பப் பிடித்த வீடு வாசல் எல்லாம் விஎச்எஸ் கசெற்றில்தான் இருக்கு. அதில் தெரிகிற வீடுகளில் சில இப்போது இல்லை. ஆட்களும்தான். எங்கட வெக்கைக்கும் ஈரத்துக்கும் அந்த நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சு உதிரும். ஸ்ரூடியோவில் கொடுத்து டிவிடியாக மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அது எவ்வளவு நல்லதாக வரும் என்பது அந்த டெக்கையும் கார்ட்டையும் பொறுத்தது.

பழைய கார்ட்டின் விண்டோஸ் ட்ரைவர் இதுக்கு உதவாது. 32 பிட் விண்டோஸுக்கு எழுதியதை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்காது. எழுதிய கம்பனி இருந்தாலும் இருபது வருடப் பழைய சாமானுக்குப் புதிதாக எழுதித் தரமாட்டாது. பிடிடிவி இன்னும் கேர்னலில் இருக்கு. அதுவும் சும்மா இருக்கவில்லை. அது நம்பியிருந்த பழைய நினைவகக் கையாளல் முறையை நீக்கப் போகிறோம், மாறாத ட்ரைவர்கள் வெளியே போகும் என்று கேர்னல்காரர் சொன்னபோது, 2023இல் ஒருவர் உட்கார்ந்து அதைப் புது முறைக்கு மாற்றி எழுதினார். எழுதத் தொடங்கி 27 வருடத்துக்குப் பிறகு.

அதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. பிடி878க்கு அடுத்த தலைமுறையாகக் கொனெக்ஸன்ட் செய்த சிஎக்ஸ் 2388 வரிசைச் சிப், எச்டி 3000 கார்ட்டில் இருந்த அதே வரிசை, மலிவு ரீவி கார்ட்டுகளில் நிறைய வந்தது. சிஎக்ஸ்ஏடிசி என்ற லினக்ஸ் ட்ரைவர் இந்தச் சிப்பின் ரீவி வேலை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, உள்ளே வருகிற அலையைச் செக்கனுக்கு ஏறத்தாழ 2 கோடியே 86 லட்சம் தடவை அளந்து எண்களாக மட்டும் தருகிறது. டெக்கின் தலை நாடாவில் இருந்து வாசிக்கிற சமிக்ஞையை, டெக்கின் முப்பது வருடப் பழைய சுற்றுகள் அதைக் குழப்புவதற்கு முதலே, நேரடியாக இந்தக் கார்ட்டுக்குக் கொடுக்கலாம். பிறகு விஎச்எஸ் டிகோட் என்ற திறந்த மூல மென்பொருள் அந்த எண்களில் இருந்து படத்தை மீட்டெடுக்கும். ஒரு மணித்தியாலக் கசெற்றுக்கு, சுருக்காமல் விட்டால், 100 கிகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல். இன்றைய வன்தட்டுக்கு அது பெரிய கணக்கில்லை. படத்தை இன்றைக்கே எடுக்கவேணும் என்ற அவசரமும் இல்லை. அளந்த எண்கள் பத்திரமாக இருந்தால், மென்பொருள் நல்லாகிற ஒவ்வொரு முறையும் அதே கசெற்றை மறுபடி, இன்னும் தெளிவாக எடுக்கலாம். நாடாவை இன்னொருமுறை ஓட்டத் தேவையில்லை.

இதைச் செய்வதற்கு டெக்கைத் திறந்து சரியான புள்ளியில் வயர் ஒட்டவேணும். உள்ளே 230 வோல்ட் இருக்கு, ரேடியோ ரீவி திருத்துகிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கோ. கார்ட்டுக்கு அலையத் தேவையில்லை. பழைய கொம்பியூட்டரை இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுக்க முதல் மூடியைக் கழற்றிப் பாருங்கோ. தகரப்பெட்டி ஒட்டிய பலகை ஒன்று உள்ளே இருந்தால், நடுவில் இருக்கிற பெரிய சிப்பின் மேலே தூசியைத் துடைத்து எண்ணை வாசியுங்கோ. 878 என்று முடிந்தால் வீடியோத் துளையில் டெக்கை இணைத்து நேராகப் பிடிக்கலாம். 2388 என்று இருந்தால் எங்களுக்கும் ஒரு சொல்லு சொல்லுங்கோ. எங்கட கையில் கசெற்றுகள் இருக்கு, கார்ட் ஒன்றுதான்.